சேலம் நகருக்குள் ஓடும் விருத்தாசலம் பாதை

சேலம் ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். ஆட்சியர் அலுவலகமும் கடைவீதியும் அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே இருக்கின்றன. நாள்தோறும் இந்தத் தொலைவைப் பேருந்தில் நின்றபடி கடக்கும் பலருக்கு, அதே வழியில் ஓர் இருப்புப்பாதையும் மார்க்கெட், டவுன் என இரண்டு நிலையங்களும் இருப்பது நினைவிலேயே இல்லை. ஆத்தூர்வரை ஒரு வேலை இருந்ததால், அந்தப் பாதையில் செல்லும் விருத்தாசலம் பயணிகள் வண்டியில் ஏறினேன்.

டவுன் நிலையத்தில் பெட்டி நிரம்பியது. கல்லூரி மாணவர்கள், நீதிமன்றத்துக்கு வந்து திரும்புவோர், சந்தைக் கூடைகளுடன் பெண்கள் எனப் பெரும்பாலும் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். நகரம் பின்தங்கியதும் இடப்புறம் சேர்வராயன் மலை நீண்டு வர, அதன்பின் மரவள்ளித் தோட்டங்களும் ஜவ்வரிசி ஆலைகளும் தொடங்கின. நெடுஞ்சாலைப் பேருந்தில் காணக் கிடைக்காத காட்சி இது என்பேன்.

வழியில் எதிர்வண்டிக்காக ஒரு நிலையத்தில் நின்றோம். எதிரே அமர்ந்திருந்த பெரியவர், “இந்த வண்டிய விட்டுட்டா பஸ்ஸுக்குத்தாங்க போகணும்” என்றார். அவர் சொன்னதில்தான் இந்தப் பாதையின் குறை முழுவதும் அடங்கியிருக்கிறது. மீட்டர்கேஜாக இருந்த இதை 2007-இல் அகலப்பாதையாக்கினார்கள், பின்னர் மின்மயமாக்கினார்கள். ஆனால் ஒற்றைப் பாதை ஒற்றைப் பாதையாகவே இருப்பதால், இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஏதேனும் ஒன்று கிராசிங் நிலையத்தில் காத்திருந்தே தீர வேண்டும். கூடுதல் வண்டிகள் விட வேண்டுமென்றால், இத்தகைய கிராசிங் நிலையங்களைப் பெருக்குவதே முதல் வேலை. முழு இரட்டைப் பாதைக்கு ஆகும் செலவில் சிறு பங்கே அதற்கு ஆகும்.

மின்கம்பி வந்துவிட்ட பாதைக்கு ஏற்றது மெமு வண்டி. தனி எஞ்சின் இல்லாமல் பெட்டிகளுக்குள்ளேயே மோட்டார்கள் இருப்பதால் நின்ற இடத்திலிருந்து விரைவாக வேகம் பிடிக்கும். அடுத்தடுத்து நிலையங்கள் உள்ள இடங்களில் இது மிச்சப்படுத்தும் நேரம் கணிசமானது. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு என்பதால், ஆத்தூரிலேயே வண்டியைத் திருப்பி அனுப்பலாம். விருத்தாசலம்வரை போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

கட்டணத்தைப் பற்றிக் குறை சொல்ல இப்போது எதுவும் இல்லை. கொரோனா காலத்தில் முப்பது ரூபாயாக உயர்ந்திருந்த குறைந்தபட்சக் கட்டணம் 2024-இல் பத்து ரூபாய்க்குத் திரும்பிவிட்டது.

அம்ரித் பாரத் திட்டத்தில் ஜங்ஷன் புதுப்பிக்கப்படுவதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதன் பயன் பெரும்பாலும் சென்னைக்கும் கோவைக்கும் செல்வோருக்கே. 2013-இல் திறக்கப்பட்ட கரூர் பாதையில், 2023 முதல் மயிலாடுதுறைவரை ஒரே வண்டியில் செல்ல முடிகிறது. தனித்தனியாக ஓடிய வண்டிகளை இணைத்தே அதைச் சாதித்தார்கள். அதே அக்கறையை ஆத்தூர்ப் பக்கமும் காட்டலாம்: காலை ஒன்பதரைக்குள் டவுனை அடையும் ஒரு வண்டி, மாலை ஆறு மணிக்குமேல் அங்கிருந்து திரும்பும் ஒரு வண்டி, அவற்றின் நேரத்துக்குப் பொருந்தும்படி டவுன் நிலைய வாசலிலிருந்து ஈரடுக்குப் பேருந்து நிலையத்துக்கு ஒரு சிற்றுந்து.