பங்க்குக்கு இடம் தேடும் வரைபடம்: 50 மீட்டரை எங்கிருந்து அளப்பது?

புதுப் பெட்ரோல் பங்க்குக்கு இடம் தேடும்போது வண்டி நடமாட்டம், பள்ளி, மருத்துவமனை, பக்கத்துப் பங்க் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிவிடுகிறார்கள். கோளாறே அதில்தான். நடமாட்டத்தில் அள்ளிய மதிப்பெண், பள்ளிச் சுவரை ஒட்டிய மனையைக்கூடப் பட்டியலின் உச்சிக்கு ஏற்றிவிடும். விதி தடுக்கும் பகுதிகளை முதலில் வெட்டி எறியுங்கள். மிஞ்சியதுக்கு மட்டும் மதிப்பெண்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் சொன்னது இது: பள்ளி, 10 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனை, குடியிருப்பாக வகைப்படுத்திய பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர். வழியே இல்லையென்றால் கூடுதல் பாதுகாப்போடு குறைக்கலாம், ஆனால் 30க்குக் கீழே கூடாது. உயர் அழுத்த மின்கம்பி பங்க்குக்கு மேலே போகவும் கூடாது. பங்க் பக்கம் அளவு தொடங்குவது மனை எல்லையில் அல்ல. ஃபில் பாயிண்ட் (லாரியிலிருந்து தொட்டியை நிரப்பும் வாய்), டிஸ்பென்சர் (வண்டிக்கு எரிபொருள் ஊற்றும் இயந்திரம்), வென்ட் பைப் (தொட்டியின் ஆவி வெளியேறும் குழாய்), இவற்றில் எது கிட்டவோ அங்கே. ஆகவே 50 மீட்டருக்குள் சிக்கிய மனையை உடனே கழித்துவிட வேண்டாம். வென்ட் பைப்பை மறுமூலைக்குத் தள்ளினால் தேறலாம்.

பள்ளிப் பக்கம் வேறு வம்பு. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் பல பள்ளிகள் வெறும் ஒரு புள்ளிதான். அதைச் சுற்றி 50 மீட்டர் பஃபர் (குறிப்பிட்ட தூரத்துக்கு வரையும் எல்லை வளையம்) போட்டால், பெரிய வளாகமாக இருந்தால் வட்டம் விளையாட்டு மைதானத்தையே தாண்டாது. செயற்கைக்கோள் படத்தைப் பின்னால் வைத்து வளாகத்தை வரைந்துகொண்டு, பிறகு பஃபர் போடுங்கள். இந்தச் சலிப்பான வேலையைத் தவிர்த்தவர்கள்தான் பின்னால் அலைகிறார்கள்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் லேயர் (ஒருவகைத் தகவலை மட்டும் காட்டும் வரைபட அடுக்கு) அட்சரேகை-தீர்க்கரேகையில் இருந்தால் 50 என்பது 50 டிகிரி. வட்டம் பாதி ஆசியாவை விழுங்கும். பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சேலம், மதுரை 44வது வடக்கு மண்டலம் (மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டிய இபிஎஸ்ஜி குறியீடு 32644). ஈரோடு, கோவை, திண்டுக்கல் 43வது (32643). சேலம்–கோவை நெடுஞ்சாலை நடுவில் மண்டலம் மாறுவதால், மொத்தச் சாலைக்கும் ஒன்றையே பிடித்துக்கொள்வது நல்லது.

பங்க்குக்கும் பங்க்குக்கும் உள்ள தூரத்துக்கு வட்டம் உதவாது. ஊருக்கு வெளியே சமவெளியில் தேசிய நெடுஞ்சாலை ஓரம் மீடியன் (சாலை நடுவே உள்ள தடுப்பு) இல்லாவிட்டால் 300 மீட்டர், இருந்தால் 1000 மீட்டர். பங்க்குக்குள் நுழையும் வண்டி வேகம் குறைக்கும் பாதையும், வெளியேறும் வண்டி வேகம் கூட்டும் பாதையும் இதில் அடக்கம். இதைச் சாலைக்கோட்டின் வழியே அளக்க வேண்டும். வளைவில் நேர்கோட்டுத் தூரம் குறைவாகக் காட்டும், நல்ல மனை கழிந்துபோகும்.

தேறிய மனைகளின் புலப்படத்தை (நிலத்தின் எல்லை, அளவு காட்டும் அரசு வரைபடம்) சர்வே எண்ணோடு பொருத்தியபின், மழைக்காலத்தில் எடுத்த பழைய படங்களையும் புரட்டுங்கள். நீர் தேங்கும் நிலத்தில் புதைத்த 20 கிலோலிட்டர் தொட்டி முழுக்க நீரில் மூழ்கினால், அதை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய 20 டன். தொட்டி காலியாக இருக்கும் நாளில் அடியில் கான்கிரீட்டோடு கட்டிப் பிணைக்காவிட்டால் தளத்தைப் பெயர்த்துக்கொண்டு எழும்பிவிடும். பக்கத்துக் கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று நேரில் போய் எட்டிப் பாருங்கள். அது எந்த லேயரிலும் கிடைக்காது.