வால்பாறை ஏற்றத்துக்கு 11-34: ஒருவழியாகக் கடகடப்பு நின்றது

மூன்று முறை கழற்றி மாட்டியாயிற்று. இப்போதுதான் கேசட், அதாவது பின்சக்கரத்தில் 11 பல்லிலிருந்து 34 பல் வரையுள்ள பல்சக்கர அடுக்கு, வாயை மூடியிருக்கிறது. எல்லாம் 1.85 மி.மீ. தடிமனுள்ள ஒரு வளையத்தின் வேலை.

ஆழியாறு – வால்பாறை சாலைக்கு 34/28 (முன்னே 34 பல், பின்னே 28 பல்) போதுமா என்பது ரோடு பைக் வைத்திருப்பவர்களிடையே தீராத வாதம். போதும் என்பவர்கள் முதல் ஐந்து கிலோமீட்டரை நினைத்துச் சொல்கிறார்கள். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, பிறகும் கவர்க்கல் வரை விடாத ஏற்றம். கணக்கைப் பாருங்கள்: 700×25 டயருக்குச் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். 34/28-இல் மிதி ஒரு சுற்றுக்கு 2.55 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9.2 கி.மீ. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், 6 சதவீதச் சரிவில் இந்த வேகத்துக்கு ஏறத்தாழ 145 வாட் வேண்டும். இதே வேகத்தில் 34/34-இல் போனால் 73 சுற்று. வாட் அதேதான், ஆனால் ஒவ்வொரு மிதியிலும் அழுத்தம் 18 சதவீதம் குறையும். அட்டகட்டி வருவதற்குள் முட்டிக்கு இந்த வித்தியாசம் புரிந்துவிடும்.

சரிவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதுமில்லை. கொண்டை ஊசியின் உள்வட்டம் 6 மீட்டர் ஆரம், வெளிவட்டம் 12 மீட்டர் என்று வையுங்கள். வளைவுக்குள் சாலை ஒன்றரை மீட்டர் உயர்ந்தால் உள்ளே 8 சதவீதம், வெளியே 4 சதவீதம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வாய்ப்பது உள்வட்டம்தான். மேலிருந்து பஸ் இறங்கினால் அது முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், வெளியே ஒதுங்க இடமிருக்காது. அந்த இருபது மீட்டருக்காகத்தான் 34 பல். வளைவுக்குள் போன பிறகு கியரைத் தேடாதீர்கள், வளைவுப் பலகை கண்ணில் பட்டதுமே மாற்றிவிடுங்கள். முன்பக்கச் செயினை 50 பல்லிலிருந்து 34-க்கு இறக்குவது செக்போஸ்ட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். அழுத்தி மிதித்துக்கொண்டே இறக்கினால் செயின் பாட்டம் பிராக்கெட் (மிதியின் அச்சுப் பகுதி) மேல் விழும்.

இனி வளையத்துக்கு வருவோம். ஷிமானோ 11-ஸ்பீடில் 11-34 என்றால் எச்ஜி700 அல்லது எச்ஜி800. இரண்டும் பழைய 8/9/10 ஸ்பீடு ஃப்ரீஹப் (கேசட்டைச் செருகும் உருளை) நீளத்துக்குச் செய்தவை. 11-ஸ்பீடு ரோடு ஃப்ரீஹப் அதைவிட 1.85 மி.மீ. நீளம். வளையம் போடாமல் மாட்டினால், லாக்ரிங் (வெளியிலிருந்து இறுக்கும் திருகு மூடி) கேசட்டைப் பிடிப்பதற்கு முன் ஃப்ரீஹப் விளிம்பில் போய் முட்டி நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் 40 நியூட்டன் மீட்டரில் சமர்த்தாகக் கிளிக் கொடுக்கும், ஆனால் பல்சக்கரங்கள் தளர்வாகத்தான் இருக்கும். ஸ்டாண்டில் வைத்துச் சுற்றினால் எல்லாக் கியரும் வெண்ணெய் போல விழும். சாலையில் எடை ஏறியதும் 27-க்கும் 30-க்கும் நடுவே கடகட. கேபிளைக் குறை சொல்லி, டிரெயிலர் தொங்கும் ஹேங்கரைக் குறை சொல்லி, கேபிளுக்குப் புது அவுட்டர் (உறை) வாங்கி மாட்டி, எதுவும் உதவாது.

சோதிக்க அரை நிமிடம் போதும். சக்கரத்தைக் கழற்றி, பெரிய பல்லை இரண்டு விரலால் பிடித்து உள்ளும் வெளியும் அசைத்துப் பாருங்கள். துளி ஆடினாலும் வளையம் இல்லை என்று அர்த்தம். வளையம் ஃப்ரீஹப்பில் முதலில் போகும், அதாவது 34 பல்லுக்குப் பின்னால், ஸ்போக் பக்கம். வெளிப்பக்கம் போட்டுப் பயனில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு: 10-ஸ்பீடு ரோடு கேசட்டுக்கென்று 1 மி.மீ. வளையம் ஒன்று தனியாக இருக்கிறது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வெர்னியர் காலிப்பர் இல்லாமல் கண்ணால் நம்ப வேண்டாம். உங்கள் ஹப் 10-ஸ்பீடு காலத்ததாக இருந்தால் இந்தக் கேசட்டுக்கு எந்த வளையமும் தேவையில்லை.

கேசட்டைப் பெட்டியில்லாமல் கவரில் போட்டுத் தரும் கடைகளிடம் உஷார், வளையம் அங்கேதான் காணாமல் போகிறது. தனியாக வாங்கினால் பொருளின் விலையைவிடக் கூரியர் செலவு அதிகம். இரண்டாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

டிரெயிலர் (derailleur, பின்னே செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி) விஷயம் சுருக்கமாக: ஷிமானோ 105 ஆர்7000-இல் குட்டைக் கூண்டு 30 பல் வரைக்கும், நடுத்தரக் கூண்டு 34 வரைக்கும். 50/34 உடன் 11-34 போட்டால் மொத்த வித்தியாசம் முன்னே 16, பின்னே 23, அதாவது 39 பல். நடுத்தரக் கூண்டின் கொள்ளளவு சரியாக 39, குட்டையினுடையது 35. ஹேங்கரை நீட்டும் துண்டு வைத்துக் குட்டையையே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சின்னப் பல் பக்கம் ஷிஃப்ட் மந்தமாகும். செயினை டிரெயிலரில் கோர்க்காமல் முன்னே 50, பின்னே 34 மேல் சுற்றி, அதற்கு மேல் ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள். 28 பல்லுக்கு வெட்டிய பழைய செயினை அப்படியே போட்டால் பெரிசு-பெரிசில் டிரெயிலர் பிய்ந்துவிடும். டிரெயிலரின் பி-டென்ஷன் திருகை, அதன் மேல் ஜாக்கிக்கும் (குட்டிச் சக்கரம்) 34 பல்லுக்கும் நடுவே 6 மி.மீ. வரும்வரை திருப்பவும்.

11-34 இலவசமாக வருவதில்லை. பற்கள் 11-13-15-17 என்று தாவுகின்றன. 12, 14 கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே 24 கி.மீ. சமதளம். ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குறுக்கே அடிக்கும்போது 13 கனமாக இருக்கும், 15 வெறுமனே சுற்றும். எரிச்சல்தான். மலைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

தண்ணீரை ஆழியாறிலேயே நிரப்பிவிடுங்கள். கவியருவி பக்கம் வாழைப்பழத்தைப் பின்பாக்கெட்டில் துருத்திக்கொண்டு போனால் குரங்கு கூடவே வரும். 9-வது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட்: கீழே அணைத் தண்ணீர், பாறையில் வரையாடு. நிற்பதானால் அங்கே நில்லுங்கள். கவர்க்கல் மூடுபனிக்கு முன்விளக்கும் பின்விளக்கும் பகலிலும் எரியட்டும். யானை நடமாட்டத்தைச் செக்போஸ்ட்டில் கேட்டுவிட்டு ஏறுங்கள், இருட்டும்போது சாலையில் இல்லாதபடி கிளம்புங்கள்.

இறக்கத்துக்கு ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) ஆட்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. 5 சதவீதச் சரிவில் பிரேக்கை உரசிக்கொண்டே 25 கி.மீ. வேகத்தில் இறங்கினால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 26 கிலோஜூல் ரிம்மில் சூடாக இறங்கும். பார்வை தெளிவாக உள்ள நேர்ப்பகுதியில் 40 வரை விட்டால் காற்றே பெரும்பகுதியைத் தின்றுவிடும், ரிம்முக்கு 10-க்குள். வளைவுக்கு முன் 40-இலிருந்து 18-க்கு இறுக்கிப் பிடிக்க நான்கு சொச்சம். ஆக, விட்டுப் பிடிப்பதுதான் ரிம்முக்கு நல்லது. மெல்லிய டிபியு (TPU, ஒரு வகை பிளாஸ்டிக்) டியூப் போட்டிருந்தால் அட்டையைப் படியுங்கள், சிலவற்றில் டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் என்றே எழுதியிருக்கும். மழையில் தேயிலைத் தோட்டச் சேறு பிரேக் பேடில் மணலாகப் பதியும். வால்பாறையில் டீ ஆறுவதற்குள் ஊக்கால் குத்தி எடுத்துவிடலாம்.

அடுத்தது கொல்லிமலை, காரவள்ளியிலிருந்து 70 வளைவு. அதற்கு முன்பக்கத்தையும் 46/30 ஆக்கலாமா என்று யோசனை. அதற்குள் இங்கே ஒரு வேலை பாக்கி: 34-இல் பின்னோக்கி மிதித்தால் மட்டும் இன்னும் லேசாக ஒரு கிர்ர். பி-டென்ஷனை இன்னும் கால் சுற்று திருப்பிப் பார்க்க வேண்டும்.