கீசர் பிளக் சுடுகிறதா?

கீசர் ஓடும்போது பிளக் கை வைக்க முடியாத அளவு சுட்டாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர்தான் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அது பெரிய சுமையே இல்லை. பெரும்பாலும் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது பின்னைக் கவ்வும் பித்தளைப் பட்டை விரிந்திருக்கும். தளர்ந்த இடத்தில் மின்தடை கூடிச் சூடேறுகிறது. ஆனால் கரண்ட் கூடுவதில்லை. அதனால் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) டிரிப் ஆகாது. பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

மெயினை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் மறக்காமல். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முன்பே பார்த்துவிட்டு, கரண்ட் இல்லையா என்று மூன்று முனைகளையும் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். சாக்கெட், பிளக் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பிளக் புது சாக்கெட்டையும் கருக்கிவிடும். கருகிய ஒயரைப் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். எதிரே நின்று பார்த்தால் வலது துளை பேஸ், இடது நியூட்ரல், மேலே பெரியது எர்த். ஸ்க்ரூவை முறுக்கியபின் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பாருங்கள். ஒயர் செல்லும் குழாய்க்குள்ளும் இன்சுலேஷன் (ஒயரின் மேலுறை) மொறுமொறுத்திருந்தால் லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து ஒயரையே மாற்றுங்கள்.