குகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

தமிழ்நாட்டுப் பக்கம் பகவதிபுரம், கேரளப் பக்கம் ஆரியங்காவு, நடுவே மலையைக் குடைந்த குகை வழியாக ரயில் பாதை. அதில் எனக்குக் கீமேன் வேலை. காலையில் சுத்தியல், ஸ்பேனர், பச்சைக் கொடி, சிவப்புக் கொடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடியே நடக்க வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலீப்பர் கிலோமீட்டருக்கு 1,500-க்குக் குறையாது. ஒவ்வொன்றிலும் தண்டவாளத்தைப் பிடித்திருக்க 4 கிளிப். தளர்ந்ததைத் தேடி அடித்து இறுக்க வேண்டும். நாளைக்கும் அதே கிளிப்தான்.

நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவன். சேர்ந்த முதல் வருஷம் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கிளார்க் தேர்வு எழுதினேன், கிடைக்கவில்லை. எங்கள் கேங்கில் இன்ஜினியரிங் முடித்தவரே இருந்தார். அதைப் பார்த்தும் மனசு ஆறவில்லை.

அப்போது கேங்கில் ஓய்வுபெறும் வயதில் ஒரு அண்ணாச்சி இருந்தார். மீட்டர் கேஜ் காலத்து ஆள். 1904-ல் ரயில் வந்த பாதை இது. 2010-ல் மூடி, அகலப்பாதையாக்கி, 2018-ல்தான் முழுசாகத் திறந்தார்கள். முன்பெல்லாம் தண்டவாளத்தை இறுக்கக் 'கீ' என்ற ஆப்பை அடிப்பார்களாம். கிளிப் வந்த பிறகும் எங்களுக்குப் பெயர் கீமேன்தான்.

ஒருநாள் அவரோடு நடந்தேன். நான் விறுவிறுவென்று போவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நூறு கிளிப் தாண்டுச்சுன்னா கண்ணு அசந்துரும். காத வச்சுப் பாரு" என்றார். ஒரு கிளிப்பில் சுத்தியலால் லேசாகத் தட்டினார். ணங் என்றது. அடுத்ததும் ணங். மூன்றாவது டொக் என்றது. குனிந்து பார்த்தால், விரல் நகம் அளவுக்கு வெளியே நகர்ந்திருந்தது. நானாக இருந்தால் தாண்டிப் போயிருப்பேன். அவர் ஓங்கி ரெண்டு அடி போட்டு மறுபடி தட்டினார். ணங். "இப்ப சரி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்றிலிருந்து நானும் தட்டிக் கேட்டுக்கொண்டே நடக்கிறேன். குகைக்குள் சத்தமே வேறு. மேலேயிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் இடங்களில் கிளிப் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். அதைக் கழற்றி, தேய்த்து, கிரீஸ் தடவித் திரும்ப மாட்டும்போது கையில் வருகிற அந்த வழுக்கலான பிடிப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கும். என் கணக்கில் ஒரு நல்ல நாள் என்பது டொக் சத்தம் கேட்டு, நான் அதை ணங் ஆக்கிய நாள். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை, "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டாள். இப்போது தினமும் கேட்கிறாள்.

கழுதுருட்டி பக்கம் பதிமூன்று கண் பாலம் வரும்போது பயணிகள் எல்லோரும் போனை எடுத்துவிடுவார்கள். என் எல்லைக்குள் அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் செங்கோட்டைச் சாரல் முகத்தில் பூத்தூவலாக விழும். குகைக்குள் போய் அந்தப் பக்கம் தலையை நீட்டினால் கொட்டோ கொட்டென்று மலையாளத்து மழை. ஒரே நடையில் ரெண்டு மழை.

கிளார்க் தேர்வை விடவில்லை. பிள்ளைகள் படிப்பு இருக்கிறது, அடுத்த தடவையும் எழுதுவேன்.

நேற்று குகைக்குள் இருக்கும்போது வண்டி வந்தது. ஆள் ஒதுங்குவதற்காகச் சுவரில் மாடம் மாதிரி குடைந்திருக்கிறார்கள், அதில் ஒட்டி நின்றேன். முன் என்ஜின் போனது, பெட்டிகள் போயின, ஏற்றத்துக்காகப் பின்னால் தள்ளுகிற என்ஜினும் போனது. காலையில் நான் இறுக்கிய இடத்தின் மேலேதான் அத்தனை சக்கரமும் ஏறிப் போயிற்று. சத்தம் அடங்கியதும் இறங்கி, அந்தக் கிளிப்பை இன்னொரு தரம் தட்டினேன்.

ணங் என்றது.