காரணம் என்ற கட்டம்

2018 உலகக் கோப்பைக் கால்பந்தின் அரையிறுதிக்கு முந்தைய நாள் நான் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் என்னை விட்டு அகலவில்லை. எங்கள் உயிரியல் பூங்காவில் நான் பராமரித்த நீர்நாய்களுள் ஒன்று, வெல்லப்போவது யார் என்று காட்ட, பிரான்ஸ், பெல்ஜியம் ஆகிய இரு நாட்டுக் கொடிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. மக்கள் தொடர்புப் பிரிவில் இருந்த பெண், "அண்ணா, கேமராவுக்கு முன்னால் அது தயங்கி நின்றுவிடாதே?" என்று கேட்டார். "காலைத் தீனியை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் நேராக ஓடிவிடும்" என்றேன். அவர் தீனியைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்த வழியை நானாகவே எடுத்துக் கொடுத்தேன்.

அது பெரிய தவறல்ல என்று எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். எடை பார்க்கவும், கூண்டுக்குள் தானாக நுழையப் பழக்கவும் தீனிக்கு முந்தைய நேரத்தைத்தான் பயன்படுத்துகிறோம். அன்று கொடுத்த மீனும் ஒரு துண்டு கூடக் குறையவில்லை. ஆனால், நீர்நாயின் உடல் உணவை மிக வேகமாக எரித்துவிடுவது. தின்றது சில மணி நேரத்துக்குள் குடலைக் கடந்துவிடும் என்பதால்தான் ஒரு நாளைக்குப் பல வேளை கொடுக்கிறோம். இதைப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்.

இதை முடிவுசெய்த கூட்டத்தில் எல்லோரும் பால் என்ற ஆக்டோபஸைத்தான் எடுத்துக்காட்டினார்கள். ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரில் இருந்த அது, 2010இல் கொடி ஒட்டிய இரு பெட்டிகளில் ஒன்றிலிருந்து சிப்பியை எடுத்துத் தின்று, 8 ஆட்டங்களின் முடிவையும் சரியாகக் காட்டியது. 2008 ஐரோப்பியக் கோப்பையில் அது 6இல் 4 மட்டுமே சரியாகக் காட்டியதை யாரும் குறிப்பிடவில்லை, நானும்தான். ஆக்டோபஸ் தனித்து வாழும் உயிர், அது தன் தொட்டியிலேயே இருந்தது. எங்கள் சிறுநக நீர்நாயோ குடும்பமாக வாழ்வது. படப்பிடிப்புக்காக அதைப் பிரித்தபோது கதவுக்கு அப்பாலிருந்து மற்றவை கீச்சிட்டு அழைத்துக்கொண்டே இருந்தன; இதுவும் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தது. பிறகு பிரான்ஸ் கொடி இருந்த கிண்ணத்துக்கு ஓடியது. நான் தினமும் வாளியுடன் வரும் பக்கம் அதுதான். பிரான்ஸ் 1–0 என்று வென்றது.

காணொளியால் நீர்நாய்மீது மக்களுக்கு அன்பு பெருகும் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். அடுத்த ஆண்டு, 2019இல், இந்த இனத்தைச் செல்லப்பிராணியாக விற்கும் வணிகம் பெருகியதால், பன்னாட்டு வணிகத்துக்குத் தடை விதிக்கும் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். அந்த அன்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

அன்றைய பதிவேட்டில் தீனி கொடுத்த நேரத்தை 9.40 என்று உள்ளபடியே எழுதினேன். தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் 'பயிற்சி' என்று எழுதினேன். கிண்ணத்தை நோக்கி ஓடுவதும் ஒரு வகைப் பயிற்சிதான் என்று வாதிட முடியும். அப்படித்தான் நினைத்து எழுதினேனா என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இறுதிப் போட்டிக்கும் கேட்டார்கள். அந்த முறை 8.30க்கே முழுத் தீனியையும் கொடுத்துவிட்டேன். நீர்நாய் இரு கிண்ணங்களையும் முகர்ந்து பார்த்துவிட்டு, மற்றவை அழைத்த கதவின் பக்கமே திரும்பிப் போய் நின்றது. "போன தடவை மாதிரியே செய்திருக்கலாமே, அண்ணா?" என்று அவர் வருத்தத்துடன் கேட்டார். முடியாது என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று விளக்கியிருந்தால், அந்தக் கட்டத்தில் நான் எழுதியதைப் பற்றியும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.