அப்பாவுக்கும் ஏழு, மாமாவுக்கும் ஏழு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆட்கள் சர்க்கரை, பிரஷர் எல்லாம் பேசுவார்கள், ஆனால் புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) என்றால் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்பாவும் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போய்க்கொண்டு "வயசானா அப்படித்தான்" என்றே தள்ளிவந்தார். கிளினிக்கில் சர்க்கரைக்கு ரத்தம் எடுத்தபோது பிஎஸ்ஏவும் (புரோஸ்டேட்டில் கோளாறு இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய புரதம்) பார்க்கச் சொன்னோம், 8க்கு மேல் இருந்தது. கடிதம் கொடுத்து ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஸ்கேன் சுலபம். பயாப்சிதான் அப்பாவுக்குப் பெரிய கூச்சம், ஆசனவாய் வழியாக ஊசி விட்டுச் சின்னச் சின்னதாகப் பல இடத்தில் சதை எடுத்தார்கள். அதற்குப் பிறகு சில நாள் சிறுநீரில் ரத்தம் வரலாம், பயப்பட வேண்டாம், ஆனால் காய்ச்சல் வந்தால் உடனே ஓட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்தது, அது எவ்வளவு மோசம் என்று காட்டும் கிளீசன் எண் 3+4=7 என்று இருந்தது. வீட்டில் ஒரே அழுகை, பத்துக்கு ஏழு என்றால் முக்கால்வாசி போச்சு என்று எல்லாரும் நினைத்தார்கள். அதோடு செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் மாமாவுக்கும் போன வருஷம் ஏழுதான், அவருக்குக் கதிர் சிகிச்சை, ஹார்மோன் ஊசி எல்லாம் நடந்ததால் அப்பாவுக்கும் அதே என்று அத்தை முடிவே கட்டிவிட்டார்.

டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரர். அப்பாயின்ட்மெண்ட் சீட்டின் பின்பக்கம் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டார், மைக்ராஸ்கோப்பில் சுரப்பிகள் தெரிவது அப்படித்தானாம். தனித்தனியாக நிற்கும் வட்டங்கள் 3, ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பினால் 4, வட்டமே இல்லாமல் வெறும் புள்ளியாகச் சிதறினால் 5. "அங்கிள், முதல் நம்பர்தான் அதிகமா இருக்கிறது, ரெண்டாவது அதுக்கு அடுத்தது" என்றார். அப்பாவுடையது பெரும்பாலும் 3. மாமா ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால் 4+3! கூட்டினால் ஒரே ஏழு, நோய் வேறு. இந்தக் குழப்பத்துக்காகத்தான் 1966இல் டொனால்ட் கிளீசன் கொடுத்த முறைமேல் இப்போது 1 முதல் 5 வரை கிரேட் குரூப் போடுகிறார்கள், அப்பா 2, மாமா 3. ஆபரேஷன் செய்த 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பார்த்த அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வொன்றில், ஐந்து வருஷம் கழித்தும் பிஎஸ்ஏ திரும்ப ஏறாமல் இருந்தவர்கள் குரூப் 2இல் 88 சதவீதம், 3இல் 63. ஒரு எண் மாறினால் இவ்வளவு வித்தியாசம்!

ஆனாலும் கிரேடு மட்டும் போதாது. பிஎஸ்ஏ எவ்வளவு, எத்தனை துண்டில் புற்று, 4 எத்தனை சதவீதம், ஸ்கேனில் வெளியே பரவியதா, ஆளின் வயசு, இதய நிலை எல்லாம் சேர்த்துத்தான் பத்துப் பதினைந்து வருஷத்துக் கணக்கு. அப்பாவுக்கு 4 கொஞ்சம்தான், அதனால் இப்போதைக்குக் கண்காணிப்பு. பிஎஸ்ஏவை விடாமல் பார்க்க வேண்டும், பயாப்சியும் திரும்ப எடுப்பார்கள், ஏனென்றால் ஊசி படாத இடத்தில் மோசமானது ஒளிந்திருக்கலாம், கிரேடு ஏறினால் சிகிச்சைதான். அத்தைக்கு இது இன்னமும் திருப்தியில்லை, சும்மா விட்டு வைக்கிறீர்களே என்கிறார்.

நீங்கள் போனால் ரிப்போர்ட் நகல் கேட்டு வாங்குங்கள், கூட்டுத்தொகையை மட்டும் சொன்னால் எது முதல் நம்பர் என்று கேளுங்கள்.