ஏஜென்சி செய்திம்மா

"ஐ.நா. படை வேடிக்கை பார்த்துச்சுன்னு போட்டிருக்கீங்களே தம்பி, நீங்க அங்க இருந்து பார்த்தீங்களா?"

2012 நவம்பர் 21. காலையில்தான் கசாபைத் தூக்கிலிட்டிருந்தார்கள். பத்திரிகை டெஸ்க்கில் போனை எடுக்க ஆள் இல்லை. நான் எடுத்தேன். வேலூர்ப் பக்கத்து அம்மா. மகன் ராணுவத்தில், ஐ.நா. பணிக்காக காங்கோவின் கோமா நகரத்தில்.

முந்தைய நாள்தான் அந்த நகரம் எம்23 கிளர்ச்சியாளர்கள் கைக்குப் போயிருந்தது. வெளிநாட்டுப் பக்கம் முழுக்க அந்த வாரம் காசா. கோமாவுக்குக் கிடைத்தது ஒற்றைக் காலம் இடம். தலைப்பில் 'வேடிக்கை'யை வைத்தது நான்தான். அரசுப் படை பக்கத்து ஊரான சாக்கேவுக்கு ஓடிவிட்டது, ஊருக்குள் இருந்த சுமார் 1,500 ஐ.நா. வீரர்கள் தடுக்கவில்லை. பொய் ஒன்றும் இல்லையே.

ஆனால் ஓரிரு நாள் முன்பு ஐ.நா. ஹெலிகாப்டர்கள் எம்23 மீது சுட்டிருந்தன. காங்கோ ராணுவத்துக்குத் துணை நிற்பதுதான் இவர்கள் வேலை. துணை நிற்க ராணுவமே இல்லை, ஊருக்குள் சண்டை மூண்டால் சாவது ஜனங்கள். இதெல்லாம் ஏஜென்சி அனுப்பிய செய்தியின் கடைசிப் பத்தியில் இருந்தது. இடம் போதாமல் வெட்டினேன். இடம் போதாமல்தானா? அது இருந்தால் தலைப்பு நிற்காது என்பதும் தெரிந்துதான் இருந்தது.

"ஏஜென்சி செய்திம்மா" என்றேன்.

"சரி தம்பி. நம்ம பசங்க நல்லா இருக்காங்கன்னு அதுல ஏதாவது வந்திருக்கா?"

வரவில்லை என்றேன். அதுவும் உண்மைதான். நம்பர் வாங்கி வைத்து, ஏதாவது வந்ததும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. கசாப் செய்தி காத்திருந்தது.

நான் மட்டுமா சொன்னேன்? ஐ.நா. படை தடுக்காததை பிரான்ஸ் வெளியுறவு அமைச்சரே அபத்தம் என்றார். பதினோரு நாளில் எம்23 ஊரை விட்டு வெளியேறியது; அடுத்த மார்ச்சில் எதிர்த்துத் தாக்கவென்றே தனிப் படையணி ஒன்றைப் பாதுகாப்பு கவுன்சில் அமைத்தது. அப்படியென்றால் என் தலைப்பு சரிதானே? இந்த வாதத்தைப் பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க முடியுமா என்று கேட்டால் பதில் இல்லை.

2025 ஜனவரியில் கோமா மறுபடி எம்23 கைக்குப் போனது. இந்த முறை தென்னாப்பிரிக்க வீரர்கள் மட்டுமே பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். பக்கத்து சீட் பையன் 'வேடிக்கை பார்க்கும் உலகம்' என்று தலைப்பு அடித்திருந்தான். படையைப் பற்றியதுகூட இல்லை. ஒருவேளை சரியான தலைப்பேதான். மாற்றச் சொன்னேன்.

"ஏன் சார்?"

"சும்மா மாத்துப்பா, டைம் ஆச்சு" என்றேன்.